செய்ச்சோ மட்சுமோடோவின் ‘புள்ளிகளும் கோடுகளும்’: கொலையாளி தெரிந்த பிறகும் ஏன் கீழே வைக்க முடியவில்லை?

மழைக்குருவி எழுதியது:

ஜப்பானியக் கொலைக் கதைகளை எங்கிருந்து தொடங்கலாம் என்று இங்கே பலர் கேட்டிருக்கிறீர்கள். இனிமேல் யார் கேட்டாலும் நான் சொல்லப்போவது இந்த ஒரு நாவலைத்தான். 1957 பிப்ரவரி முதல் 1958 ஜனவரி வரை ‘தபி’ என்ற பயண மாத இதழில் தொடராக வந்தது. ஆங்கிலத்தில் இரண்டு முறை வந்திருக்கிறது. 1970இல் ஒன்று, 2022இல் ‘டோக்கியோ எக்ஸ்பிரஸ்’ என்ற பெயரில் இன்னொன்று. நான் படித்தது இரண்டாவது.

முடிவு உட்பட எல்லாவற்றையும் பேசப்போகிறேன். படிக்காதவர்கள் படித்துவிட்டு வாருங்கள். சின்ன நாவல்தான்.

ஃபுகுவோகா அருகே கஷீ என்ற கடற்கரை. ஜனவரி மாதக் குளிர். பாறைகள் நிறைந்த கரையில் காலை நேரத்தில் ஒரு ஆணும் பெண்ணும் அருகருகே இறந்து கிடக்கிறார்கள். பக்கத்தில் பழச்சாறு பாட்டில், அதில் சயனைடு. ஆண் சயாமா, ஒரு அமைச்சகத்தில் உதவிப் பிரிவுத் தலைவர். அங்கே ஊழல் விசாரணை நடந்துகொண்டிருக்கிறது. பெண் ஒடோகி, டோக்கியோவின் அகசகா பகுதியில் உள்ள ஒரு உணவகத்தில் பரிமாறுபவள். இருவரும் ஒன்றாக ரயிலேறியதை அவளுடன் வேலை பார்க்கும் இரண்டு பெண்களே டோக்கியோ நிலையத்தில் பார்த்திருக்கிறார்கள். காதலர்கள், சேர்ந்து செத்துவிட்டார்கள் என்று போலீஸ் கோப்பை மூடத் தயாராகிவிடுகிறது.

ஒரே ஒருவருக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. தொரிகாய் என்ற உள்ளூர்த் துப்பறிவாளர். நைந்த கோட்டுப் போட்ட, யாரும் பெரிதாக மதிக்காத மனிதர். சயாமாவின் பையில் ரயிலில் உள்ள உணவகப் பெட்டியின் ரசீது ஒன்று கிடைக்கிறது. அதில் ‘ஒரு நபர்’ என்று இருக்கிறது. காதலியோடு சாகப் போகிறவன் ஏன் தனியாகச் சாப்பிட்டான்? அவளுக்குப் பசியில்லை என்றே வைத்துக்கொள்வோம். எதிரே உட்கார்ந்து ஒரு காபியாவது குடித்திருக்க மாட்டாளா? இதைத் தொரிகாய் தன் மகளிடம் வீட்டில் கேட்கிறார். கல்யாணம் நிச்சயமான பெண் அவள். கூடப் போயிருப்பேன் என்கிறாள். வழக்கு முழுவதும் அந்த வீட்டுப் பேச்சிலிருந்துதான் கிளம்புகிறது.

டோக்கியோ நிலையத்தில் ஒரு பிளாட்பாரத்திலிருந்து அந்த ஜோடியைத் தடையில்லாமல் பார்க்கக் கிடைக்கும் நான்கு நிமிடத்தைப் பற்றித்தான் எல்லோரும் வியந்து எழுதுகிறார்கள். எனக்கு இந்த நாவலின் மேதைமை கடற்கரையில்தான் இருக்கிறது. இரண்டு உடல்களைப் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தினால் போதும், மீதிக் கதையைப் பார்ப்பவர்களே எழுதிக்கொள்கிறார்கள். கொலையாளி பொய்யே சொல்லவில்லை. போலீஸ், பத்திரிகை, உறவினர், உடன் வேலை செய்தவர்கள் எல்லோரும் சேர்ந்து அவனுக்காக அந்தப் பொய்யைச் சொல்கிறார்கள். இப்படி ஒரு கொலையை வேறெங்கும் நான் படித்ததில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கறார் வாசகன் எழுதியது:

நல்ல அறிமுகம். ஆனால் துப்பறியும் நாவல் என்ற அளவில் எனக்கு மூன்று குறைகள் தெரிகின்றன.

யசுடா என்ற இயந்திர வியாபாரிதான் கொலையாளி என்பது முதல் சில பக்கங்களிலேயே தெரிந்துவிடுகிறது. அந்த இரண்டு பெண்களையும் சாப்பாட்டுக்கு அழைத்துப்போய், அடிக்கடி கைக்கடிகாரத்தைப் பார்த்து, பிறகு தன்னை வழியனுப்பச் சொல்லி நிலையத்துக்குக் கூட்டிப்போகிறவன் அவன். ‘அதோ பார், ஒடோகி!’ என்று சாட்சிகளுக்குக் காட்டிக்கொடுப்பதும் அவனே. இதற்கு மேல் யார் செய்தது என்ற கேள்வியே எழாது.

அடுத்தது விமானம். கொலை நடந்த இரவில் தான் வடகோடி ஹொக்கைடோவுக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்ததாக யசுடா சொல்கிறான். வழக்கை விசாரிக்கும் டோக்கியோ போலீஸ்காரர் மிஹாரா ரயிலையும் கப்பலையும் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, நாவலின் பின்பாதியில்தான் விமானத்தை நினைக்கிறார். தலைநகரில் வேலை பார்க்கும் போலீஸ்காரருக்கு இது தோன்றாதா?

மூன்றாவதுதான் பெரிய ஓட்டை. அந்த நான்கு நிமிடத்துக்குள் சயாமாவும் ஒடோகியும் பிளாட்பாரத்தில் நடந்து வருவார்கள் என்று யசுடாவுக்கு எப்படித் தெரியும்? ரயில் கிளம்ப அரை மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. ஐந்து நிமிடம் பிந்தி வந்திருந்தால்கூட அவன் திட்டம் பாழ்.

ஓய்வுபெற்ற கார்டு எழுதியது:

ரயிலில் வேலை பார்த்தவன் என்பதால் நடுவில் புகுந்து பேசுகிறேன்.

டோக்கியோ நிலையத்தில் 13ஆம் பிளாட்பாரத்திலிருந்து யசுடா கமகுராவுக்குப் போகும் ரயிலைப் பிடிக்கிறான். சயாமாவும் ஒடோகியும் ஏறிய, ஃபுகுவோகா இருக்கும் கியூஷூ தீவுக்குப் போகும் ‘அசகாஸே’ நிற்பது 15இல். நடுவில் ஏதாவது ஒரு ரயில் நின்றுகொண்டே இருக்கும். நின்றால் அந்தப் பக்கம் ஒரு தலைகூடத் தெரியாது. நாள் முழுக்க ரயில்கள் வந்து போகும் இடத்தில், மாலை 5.57க்கும் 6.01க்கும் இடையில் மட்டும் 13இலிருந்து 15ஐத் தடையில்லாமல் பார்க்கலாம். அசகாஸே 5.49க்கே வந்து நிற்கிறது, 6.30க்குக் கிளம்புகிறது. இதைக் கற்பனையில் உட்கார்ந்து எழுத முடியாது. நாவலில் வரும் நேரங்கள் 1957ஆம் ஆண்டின் கால அட்டவணைப்படியானவை என்று புத்தகத்திலேயே குறிப்பு இருக்கிறது. அசகாஸே ஓடத் தொடங்கியதே 1956 நவம்பரில்தான். ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த புத்தம்புது இரவு ரயிலை மட்சுமோடோ உடனே கதைக்குள் கொண்டுவந்துவிட்டார். அதுவும் பயண இதழில்! வாசகர்கள் கையில் அட்டவணையை வைத்துக்கொண்டு சரிபார்க்கக்கூடியவர்கள். ஒரு நிமிடம் பிசகினாலும் கடிதம் வந்திருக்கும்.

விமானத்தைப் பற்றித் தம்பி சொன்னதில் எனக்கு உடன்பாடில்லை. போருக்குப் பிறகு ஜப்பானில் உள்நாட்டு விமானச் சேவை மறுபடி தொடங்கியதே 1951இல். அதற்கடுத்த சில வருடங்களில் விமானம் என்பது சாதாரண ஆள் ஏறிப் போகும் வண்டி இல்லை. சம்பளத்துக்கு வேலை பார்க்கும் போலீஸ்காரர் பயணம் என்றால் ரயிலைத்தான் நினைப்பார். மிஹாராவே ஹொக்கைடோவுக்கு மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்து, முதுகு வலிக்க வலிக்கப் போகிறார். காசுள்ளவன் எப்படிப் பயணம் செய்வான் என்பது காசில்லாதவனுக்கு உடனே தோன்றாததுதான் யசுடாவுக்குக் கிடைத்த அவகாசம். அந்தத் தாமதத்தை நான் குறையாகப் பார்க்கவில்லை.

இன்னொரு விஷயம். ஹொக்கைடோவுக்குப் போக அவோமோரியிலிருந்து ஹக்கோடாடேக்குக் கப்பலில் கடலைக் கடக்க வேண்டும், நாலரை மணி நேரம். ஒவ்வொரு பயணியும் பெயர், விலாசம் எழுதிக் கொடுத்தால்தான் ஏற முடியும். 1954இல் தோயா மாரு என்ற கப்பல் புயலில் கவிழ்ந்து 1,100க்கும் மேற்பட்டவர்கள் இறந்தது இதே கடல் பாதையில். விபத்து நடந்தால் யார் யார் இருந்தார்கள் என்று தெரிய வேண்டும், அந்தச் சீட்டின் வேலையே அதுதான். யசுடாவின் கையெழுத்தில் அப்படியொரு சீட்டு கப்பல் அலுவலகத்தில் இருக்கிறது. அவன் கப்பலில் ஏறவே இல்லை. முன்கூட்டியே எழுதி வேறொருவரிடம் கொடுத்தனுப்பியது. செத்தவர்களை அடையாளம் காண வைத்த சீட்டைக் கொலைகாரன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எடுத்துக்கொள்கிறான். அதைப் படித்தபோது எனக்குக் கோபமே வந்துவிட்டது.

கோண்டாவில் வாசகி எழுதியது:

ஐயா, உங்கட பதிவை வாசிச்ச பிறகு திரும்பவும் அந்தப் பிளாட்பாரப் பகுதியைப் போய் வாசிச்சன். நன்றி.

எனக்கு இந்தக் கதையில மனசில நிக்கிற ஆள் யசுடாவும் இல்லை, மிஹாராவும் இல்லை. யசுடான்ர மனைவி ரியோகோ. காசநோயோட கமகுராவில பெரும்பாலும் படுக்கையிலதான் இருக்கிறா. அவ வாசிக்கிறது ரயில் அட்டவணை. நாவல் மாதிரி வாசிக்கிறா. இந்த நிமிஷத்தில நாட்டின்ர எந்தெந்த மூலையில எந்தெந்த ரயில் வந்து நிக்குது, அதில இருந்து ஆர் ஆரெல்லாம் இறங்கினம் எண்டு படுக்கையில கிடந்துகொண்டே கற்பனை பண்ணுறா. அதை ஒரு சின்னக் கட்டுரையா ஒரு சஞ்சிகையில எழுதியும் இருக்கிறா. வெளியில அதிகம் போக ஏலாத ஒரு பொம்பிளை, எண்களுக்குள்ளால உலகத்தையே பாக்கிறா. அந்தக் கட்டுரை மட்டும் தனியா வந்திருந்தா, எவ்வளவு அழகான எழுத்து எண்டு சொல்லியிருப்பம். அதே மூளைதான் நாலு நிமிஷத்தைக் கண்டுபிடிச்சதும், ரெண்டு பேரைக் கொல்ல வழி போட்டதும். மிஹாரா அந்தக் கட்டுரையை வாசிக்கிற இடத்தில எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஒடோகியைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை எண்டது எனக்கு ஒரு குறை. அவள் யசுடான்ர ஆசைநாயகி. ரியோகோவுக்கும் அது தெரியும். தன்னால மனைவியா இருக்க ஏலாத இடத்துக்கு அவளை அனுமதிச்சு வச்சிருந்தா. அனுமதிச்சது வேற, வெறுப்பு வேற. யசுடாவுக்குச் சயாமா சாகவேணும், அமைச்சகத்துப் பெரியவரைக் காப்பாத்த. ஆனா ஒடோகி சாகவேண்டிய தேவை என்ன? ஒரு மனுசனைக் காதல் தற்கொலை செய்தவன் ஆக்கிறதுக்கு ஒரு பொம்பிளைச் சடலம் வேணும். அவ்வளவுதான். அவளுக்கு அந்தச் சயாமாவை அவ்வளவாத் தெரியவும் தெரியாது. செத்த பிறகு அவளின்ர தாய் வந்து அழேக்கையும், முன்பின் தெரியாத ஒருத்தன்ர காதலியாத்தான் அவளை ஊர் பாக்குது. மழைக்குருவி சொன்ன அந்தக் கடற்கரைப் பொய்யில அநியாயம் கூட நடந்தது அவளுக்குத்தான்.

புதிய வாசகன் எழுதியது:

நான் பாதியில் நிற்கிறேன். முடிவு தெரிந்தால் எனக்குக் கவலை இல்லை, அதனால் எல்லாவற்றையும் படித்துவிட்டேன். இரண்டு கேள்விகள். பெயர்கள் குழம்புகின்றன, என்ன செய்வது? இன்னொன்று, கஷீயில் இரண்டு ரயில் நிலையங்கள் வருகின்றனவே, அங்கே என்ன நடக்கிறது என்றே பிடிபடவில்லை. ஒருமுறை பழக்கடைக்காரர் பார்த்தேன் என்கிறார், அப்புறம் வேறு யாரோ பார்த்தேன் என்கிறார்.

மழைக்குருவி எழுதியது:

பெயர்களுக்கு ஒரே வழிதான்: ஒரு தாளில் டோக்கியோ ஆட்கள், ஃபுகுவோகா ஆட்கள் என்று இரண்டாகப் பிரித்து எழுதிவையுங்கள். பத்துப் பெயருக்கு மேல் தேறாது.

கஷீ விஷயம் நாவலின் இதயம் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அந்தச் சின்ன ஊரில் அரசு ரயில்வேக்கு ஒரு நிலையம், நிஷிடெட்சு என்ற தனியார் ரயில்வேக்கு ஒரு நிலையம். இரண்டுக்கும் நடுவே கொஞ்ச தூரம்தான். கடற்கரைக்குப் போக ஒன்றைத் தாண்டி மற்றொன்றின் வழியே நடக்க வேண்டும். இரவு 9.24 மணி ரயிலில் இறங்கிய ஒரு ஜோடியை அரசு நிலையத்து வாசலில் பழக்கடைக்காரர் பார்க்கிறார். 9.35 ரயிலில் நிஷிடெட்சு நிலையத்தில் இறங்கியவர், ஒரு ஜோடி தன்னை முந்திக்கொண்டு கடல் பக்கம் போனதையும், ‘எவ்வளவு ஆளரவமில்லாத இடம்’ என்று அந்தப் பெண் சொன்னதையும் நினைவில் வைத்திருக்கிறார். எல்லோரும் ஒரே ஜோடி என்றே எடுத்துக்கொள்கிறார்கள். தொரிகாய் மட்டும் அந்த இரண்டு நிலையங்களுக்கும் நடுவே கடிகாரத்தோடு நடந்து பார்க்கிறார், மெதுவாக ஒருமுறை, வேகமாக ஒருமுறை. எப்படி நடந்தாலும் பதினோரு நிமிடம் ஆகவில்லை. மிச்ச நிமிடங்களில் அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?

ஒன்றும் செய்யவில்லை. வந்தது இரண்டு ஜோடிகள். சயாமாவை அழைத்துவந்தவள் ரியோகோ. ஒடோகியை அழைத்துவந்தவன் யசுடா. இருட்டில், தனித்தனியாக, சற்றே தள்ளித் தள்ளி இரண்டு பேரைக் கொன்று, பிறகு ஒரு உடலைத் தூக்கிவந்து இன்னொன்றின் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். வாழ்நாளில் காதலித்தே இராத இருவர்.

கோண்டாவில் வாசகி, நீங்கள் ஒடோகியைப் பற்றி எழுதியதற்கு நான் சேர்க்க ஒன்றுதான் இருக்கிறது. இந்தப் பொய் ஜப்பானில் இவ்வளவு சுலபமாக எடுபடுவதற்கு நீண்ட வரலாறு உண்டு. 1703இல் சிக்கமட்சு மொன்சயேமோன், ஒசாகாவில் உண்மையாக நடந்த காதலர் தற்கொலை ஒன்றைப் பொம்மலாட்ட நாடகமாக்கினார். அதைப் பார்த்து அப்படிச் சாகிறவர்கள் பெருகுகிறார்கள் என்று அரசு பயந்து, 1720களின் தொடக்கத்தில் அத்தகைய நாடகங்களையே தடைசெய்தது. செத்தவர்களை முறைப்படி அடக்கம் செய்யவும் விடவில்லை. தடை போட்டும் அந்தக் கதையின் மீதான மோகம் போகவில்லை. இந்த நாவல் தொடராக வந்துகொண்டிருந்த 1957 டிசம்பரிலேயே, இசு தீபகற்பத்தில் அமகி மலையில் ஒரு மாணவனும் மாணவியும் துப்பாக்கிக் குண்டு பட்டு இறந்து கிடந்தார்கள். அந்தப் பெண் சீனாவின் கடைசிப் பேரரசர் பூயியின் தம்பி மகள். பத்திரிகைகள் சொர்க்கத்தில் சேர்ந்த காதல் என்று எழுதின. பெண்ணின் குடும்பத்தார் அதைக் காதல் தற்கொலை என்று ஏற்கவே இல்லை. மாதாமாதம் மட்சுமோடோவைப் படித்துவந்தவர்கள் அந்தச் செய்தியை எப்படிப் படித்திருப்பார்கள் என்று யோசித்துப்பாருங்கள்.

கறார் வாசகன் எழுதியது:

அமகி மலைச் செய்தி எனக்குப் புதிது, நன்றி. கடற்கரையைப் பற்றி நீங்கள் சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். அந்த இடம் அபாரம். நான்கு நிமிடத்துக்கு மட்டும் இன்னும் யாரும் விடை தரவில்லை.

இந்த வகை நாவல் ஜப்பானில் ஒரு பாதையை அடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். மட்சுமோடோவுக்கு முன்னால் செய்ஷி யொகோமிசோ 1946இல் பனி மூடிய வீட்டில் பூட்டிய அறைக் கொலை எழுதிக்கொண்டிருந்தார். வாசகனும் துப்பறிவாளனும் சரிசமமாக மோதும் புதிர். மட்சுமோடோ வந்த பிறகு சமூகக் குற்றக் கதைகளின் அலைதான். 1987இல் யுகிட்டோ அயட்சுஜி தனித்தீவில் மாணவர்களைக் கொண்டுபோய் விட்டு ஒரு நாவல் எழுதும் வரை சுத்தமான புதிர் தலைதூக்கவே முடியவில்லை. எனக்குப் பிடித்தது அந்தப் புதிர்ப் பாதை.

ஓய்வுபெற்ற கார்டு எழுதியது:

தம்பி, புதிரை ஒதுக்கிவிட்டாலும் ஏன் மட்சுமோடோ நாட்டையே பிடித்துக்கொண்டார் என்பதை அவர் வாழ்க்கையில் பாருங்கள். 1909இல் பிறந்தவர், வறுமை, பதினைந்து வயதோடு பள்ளி முடிந்தது. எடுபிடிப் பையன், அச்சகத்தில் பயிற்சியாளர், பிறகு அசாஹி பத்திரிகையின் கியூஷூ அலுவலகத்தில் விளம்பரப் பகுதி. நாற்பது வயதுக்கு மேல்தான் எழுத்தாளர். அலுவலகத்தில் கடைநிலையில் இருந்தவனுக்கு மேலே இருப்பவர்கள் எப்படித் தப்பிப்பார்கள் என்று தெரியும்.

சயாமாவின் பதவியை அவர் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. உதவிப் பிரிவுத் தலைவர் என்றால் எல்லாக் கோப்பும் தெரிந்தவர், ஆனால் மேற்கொண்டு உயர வழியில்லாதவர். மேலதிகாரியின் நன்றிக்காக எதையும் செய்வார். ஊழல் வெளியானால் அவர் வாயை மூடினாலே மேலே எல்லாம் சுத்தம். 1954இல் கப்பல் கட்டும் ஊழலில் ஆளுங்கட்சியின் பொதுச்செயலாளர் சாட்டோவைக் கைதுசெய்யப் போனபோது, சட்ட அமைச்சரே தன் அதிகாரத்தைப் பயன்படுத்தி அதை நிறுத்தினார். அது நடந்து மூன்று வருடம்கூட ஆகாதபோது தொடங்கிய கதை இது. கடைசியில் மிஹாரா தொரிகாய்க்கு எழுதும் கடிதத்தைப் பாருங்கள். யசுடாவும் ரியோகோவும் விஷம் குடித்து இறந்துவிடுகிறார்கள். அவர்களைக் கொண்டு காரியம் சாதித்துக்கொண்ட அதிகாரி இஷிதா வேறு துறைக்கு மாறுகிறார், முன்பைவிட நல்ல இடம். கப்பலில் சீட்டைக் கொண்டுபோன அவருடைய ஆளுக்கும் பதவி உயர்வு. புதிரை விடுவித்துவிட்டார்கள், வழக்கில் தோற்றுவிட்டார்கள். புதிர்க் கதை எழுதுபவர் இந்த இடத்துக்கு வந்திருக்க மாட்டார்.

நான்கு நிமிடம் பற்றி என் கணிப்பு: ஒடோகி யசுடாவின் சொல்லுக்குக் கட்டுப்பட்டவள். சயாமாவும் தன்னை ஒளித்துவைக்கப் போகிறான் என்று அவனை நம்பியவர். ஃபுகுவோகாவின் ஹகாடா பகுதி விடுதியில் பொய்ப் பெயரில் தங்கி, ஒரு தொலைபேசி அழைப்புக்காக நாள் நாளாகக் காத்திருந்தவர் அவர். ‘இத்தனை மணிக்கு வண்டியில் ஏறி உட்கார்ந்துவிடுங்கள்’ என்று சொன்னால் இருவருமே கேட்டிருப்பார்கள்.

கறார் வாசகன் எழுதியது:

சொல்லியிருக்கலாம். ஆனால் நாவலில் அப்படி ஒரு வரி இல்லையே ஐயா. ஏறச் சொன்னாலும், ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டால் தூரத்திலிருந்து முகம் தெரியாது. பேசிக்கொண்டே பிளாட்பாரத்தில் நடக்க வேண்டும், அதுவும் அந்த நான்கு நிமிடத்தில். எவ்வளவு நல்ல நாவலாக இருந்தாலும் இதை எழுத்தாளர் எழுதியிருக்க வேண்டும் என்பதில் நான் மாறப்போவதில்லை.

கோண்டாவில் வாசகி எழுதியது:

அது சரியான கேள்விதான் தம்பி. எனக்கும் அதுக்கு மறுமொழி தெரியேல்லை. ஆனா ஒண்டு, அண்டைக்குச் சரிவராட்டி அவங்கள் இன்னொரு நாளைக்குப் பாத்திருப்பினம். யசுடாவுக்கு அவசரம் இருந்திருக்கும். ரியோகோவுக்குப் பொறுமை இருந்தது.

புதிய வாசகன் எழுதியது:

முடித்துவிட்டேன்! தாளில் பெயர் எழுதியது உதவியது, நன்றி. கஷீ கடற்கரையை வரைபடத்தில் தேடினேன். அந்தக் கரையைத் தூர்த்து அடுக்குமாடிக் குடியிருப்புகள் கட்டிவிட்டார்கள். அசகாஸே ரயிலும் 2005இல் நின்றுவிட்டதாம், அவோமோரிக் கப்பலும் 1988இல் கடலடிச் சுரங்கம் வந்ததும் போய்விட்டது. அடுத்து இவருடைய எதைப் படிக்கலாம்?

மழைக்குருவி எழுதியது:

‘இன்ஸ்பெக்டர் இமானிஷி இன்வெஸ்டிகேட்ஸ்’ என்று ஆங்கிலத்தில் வந்திருப்பது. மூலம் 1960இல் யொமியுரி நாளிதழில் தொடராகத் தொடங்கியது. இதுவும் ரயில் யார்டில் கிடைக்கும் ஒரு உடலில்தான் தொடங்குகிறது, ஆனால் பெரிய நாவல், நிதானமாகப் போகும். கறார் வாசகன், உங்களுக்கு அதில் கொலைக் கருவி பிடிக்காமல் போகலாம், இப்போதே சொல்லிவிடுகிறேன். படித்துவிட்டு வாருங்கள், தனி இழை தொடங்கிச் சண்டை போடுவோம்.

அதற்கு முன்னால், 1970ஆம் வருட மொழிபெயர்ப்பை வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் அந்தப் பிளாட்பாரக் காட்சியை ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள். சயாமாவும் ஒடோகியும் ஏன் அந்த நேரத்தில் வந்தார்கள் என்பதற்கு அதில் ஏதாவது ஒரு சொல் கிடைக்கிறதா என்று எனக்கும் தெரிய வேண்டும்.